வெள்ளத்தில் நின்ற ஜிப்ஸி 970 எஞ்சின்: எதை லேத்தில் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

எர்ணாவூர்_ஜிப்ஸி

வண்டி பழைய மாருதி ஜிப்ஸி ஜீப், எம்.ஜி.410 மாடல். எஃப்10ஏ எஞ்சின், நாலு சிலிண்டர், 970 சி.சி., போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 65.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எர்ணாவூரில் கார்புரேட்டர் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அதுவும் எண்ணெய் கலந்த தண்ணீர். அதன் பிறகு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. இப்போது எஞ்சின் ஜாம். பிளக் நாலையும் கழற்றிவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டில் இரண்டடிக் கம்பி போட்டுத் திருப்பினாலும் அசையவில்லை.

லேத், டிரில்லிங் மெஷின், ஆர்கான் வெல்டிங் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்), கோர் பிளக் (பிளாக்கில் தண்ணீர் அறை ஓட்டைகளை அடைக்கும் மூடி), வாட்டர் பம்ப் ஷாஃப்ட், எஞ்சின் மவுண்ட், பேக்கிங் (கேஸ்கெட்) எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்துகொள்ளலாம் என்று எண்ணம். எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக்கூடாது? முதலில், ஜாமை எப்படி விடுவிப்பது?

காசிமேட்டு_விசை

தம்பி, செல்ஃப மட்டும் அடிச்சிடாதீங்க. வண்டிய கியர்ல போட்டுத் தள்ளறதும் வேணாம். ரிங் துருவுல ஒட்டியிருக்கும்போது பலமா இழுத்தா ரிங் உடையும், ரிங்கு உட்கார்ற பள்ளத்தோட பிஸ்டன் ஓரமும் பேந்துடும்.

மொதல்ல சம்ப் (அடியில இருக்கற ஆயில் தொட்டி) போல்ட்ட கழட்டுங்க. தண்ணி கனம், அடியில நிக்கும், அதுதான் மொதல்ல வரும். எவ்வளவு வருதுன்னு அளந்து எழுதி வைங்க. ரெண்டு லிட்டருக்கு மேல வந்தா கிராங்க் பாதி தண்ணியிலயே ஊறியிருக்குன்னு அர்த்தம், பேரிங் எல்லாத்தையும் சந்தேகத்தோடதான் பாக்கணும்.

அப்புறம் பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துற செவப்பு ஆயில் ஒரு பங்கு, மண்ணெண்ண ஒரு பங்கு கலந்து ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் 50 மில்லி ஊத்தி நாலு நாள் விடுங்க. தெனமும் காலையில ஒரு தடவ ரெண்டு பக்கமும் லேசா ஆட்டிப் பாருங்க. எப்படியும் ஹெட்ட (சிலிண்டருக்கு மேல இருக்கற மூடி) கழட்டத்தான் போறீங்கன்னா, இப்பவே கழட்டிட்டு ஊறப் போடறது இன்னும் நல்லது. எந்த சிலிண்டர் புடிச்சிருக்குன்னு கண்ணுக்கே தெரியும்.

பட்டறை_வியாசை

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டனைத் தட்டாதீர்கள். பிஸ்டனுக்கு மேலே போரில் துரு வளையம் நிற்கும். முதலில் அதை 120 எமரி வைத்துக் கையால் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். இல்லாவிட்டால் ரிங் அந்தத் துருவின் மேல் ஏறும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். போருக்குள் உரசாமல் இறங்கும் அளவுக்கு, கிட்டத்தட்ட 60 மி.மீ. விட்டத்தில் கெட்டி மரக் கட்டை ஒன்று கடைந்துகொள்ளுங்கள். அதைப் பிஸ்டன் முழுக்கப் படியும்படி வைத்து அரைக் கிலோ சுத்தியால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். நடுவில் கம்பியை வைத்து அடித்தால் பிஸ்டன் தலை விரிசல் விடும்.

நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி கெட்டிருக்காது. எஞ்சின் நின்ற நிலையில் எந்த சிலிண்டரில் வால்வு திறந்திருந்ததோ அதில்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கும். இரண்டு வால்வும் மூடியிருந்த சிலிண்டர் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

பிரித்த பிறகு எதையும் வாங்காதீர்கள், எதையும் கடைய வேண்டாம். அளவு எடுங்கள். ஒவ்வொரு போரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரம். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்குக்கு இணையாக ஒன்று, குறுக்காக ஒன்று. ஆக 24 எண்கள். இந்த 24 எண்ணும் கையில் இல்லாமல் ரீபோரா (போரைப் பெரிதாகக் கடைவது) ஸ்லீவா (உள்ளே புதுக் குழாய் இறக்குவது) என்று பேசிப் பயனில்லை.

எர்ணாவூர்_ஜிப்ஸி

பிரித்தாகிவிட்டது. பிடித்திருந்தது 3ஆவது சிலிண்டர். 1, 4 இரண்டிலும் துரு இல்லை, தேய்மானம் மட்டும்தான். குறுக்கில் அதிகபட்சம் 65.58. 2ஆவதில் மேலிருந்து 20 மி.மீ. இறக்கத்தில் புள்ளிப் புள்ளியாகப் பள்ளம், டயல் கேஜில் ஊசி முனை போட்டுப் பார்த்தால் 0.10. 3ஆவதில் அதே உயரத்தில் சுற்றிலும் பட்டையாக அரித்திருக்கிறது. ஆழமான இடத்தில் 0.40.

இன்னொரு யோசனையும் உண்டு. மாருதி 800 பிஸ்டன் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக்கும் அதே 72. நாலையும் 68.5க்குக் கடைந்து அந்தப் பிஸ்டனையே போட்டுவிட்டால் ஸ்லீவ் செலவும் மிச்சம், 1061 சி.சி.யும் கிடைக்கும். சரிவருமா?

செம்பியம்_66

வேண்டாம். காரணம் இதோ.

65.5இலிருந்து 68.5 என்றால் சுவரில் பக்கத்துக்கு 1.5 மி.மீ. போகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய பிளாக். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, தண்ணீர் ஓடும் பக்கத்திலிருந்தும் சுவர் கரைந்திருக்கும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் தெரியாது. மணலியில் டேங்க், பைப் சோதிப்பவர்களிடம் அல்ட்ராசோனிக் தடிமன் கேஜ் இருக்கும். அதை வைத்து நாலு சிலிண்டரையும் சுற்றிலும் அளக்காமல் 1.5 மி.மீ. வெட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுவதுதான். ஸ்லீவ் போடவும் அதே அளவு வெட்டுகிறோமே என்று கேட்பீர்கள். அங்கே வெட்டிய இடத்தில் புது இரும்பு உட்கார்ந்து அழுத்தத்தைத் தாங்குகிறது. இங்கே மெலிந்த சுவர்தான் தாங்கியாக வேண்டும். பிஸ்டன் பின்னின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் கம்பி) விட்டம், அந்தப் பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், எடை மூன்றும் ஒத்துவருமா என்பது அதற்குப் பிறகான கேள்வி. ஹெட் பேக்கிங் ஓட்டையும் 68.5ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பேக்கிங் ஓரம் போருக்குள் நீட்டிக்கொண்டு செஞ்சூடாகக் காய்ந்து, பெட்ரோலைத் தானாகவே பற்றவைக்கும்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். மூல அளவை விடப் பெரிய பிஸ்டன், அதாவது ஓவர்சைஸ், 0.25, 0.50 என்று கிடைக்கும். 0.25 ஓவர்சைஸ் என்றால் பக்கத்துக்கு 0.125 மட்டும்தான் வெட்டுகிறோம். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 2ஆவது சிலிண்டரில் பள்ளம் 0.10. அது ஏற்கெனவே தேய்ந்த பரப்பிலிருந்து அளந்தது. தேய்மானம் பக்கத்துக்கு 0.04. ஆக மூல அளவிலிருந்து 0.14. 0.125 வெட்டினால் பள்ளத்தின் அடி அப்படியே நிற்கும். 0.50 போனால் பக்கத்துக்கு 0.25, சுத்தமாக வந்துவிடும். 3ஆவதில் 0.40, இந்த இரண்டு ஓவர்சைஸுக்கும் அடங்காது.

எனவே 1, 2, 4 மூன்றும் 0.50 ஓவர்சைஸ், 66.00. மூன்றாவதுக்கு ஸ்லீவ், அதையும் 66.00க்கே கடைய வேண்டும். நாலிலும் ஒரே பிஸ்டன். மொத்தம் 985 சி.சி. வரும்.

பிஸ்டனை வாங்கிப் பட்டறையில் கொடுத்த பிறகுதான் போர் போடச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, ரிங்குக்குக் கீழே உள்ள பாவாடைப் பகுதியில் மைக்ரோமீட்டரால் அளந்து, அதோடு பெட்டியில் போட்டிருக்கும் கிளியரன்ஸைக் கூட்டி, அந்தந்தப் போரைக் கடைவதுதான் முறை. பெட்டியில் எண் இல்லாவிட்டால் இந்த அளவுப் பிஸ்டனுக்கு 0.04 வைக்கலாம். பிஸ்டன் செய்யும் ஆலையே செம்பியத்தில் இருக்கும் ஊர் இது. 'எல்லாம் ஒரே சைஸ்தான்' என்று பிஸ்டன் வராமலே போர் போட்டுக் கொடுக்கும் பட்டறைக்குப் போகாதீர்கள்.

பட்டறை_வியாசை

ஸ்லீவ் வேலையை விவரமாகவே சொல்கிறேன். ஸ்லீவ் போட்ட எஞ்சின் சூடேறுகிறது, ஆயில் குடிக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை உட்கார வைத்த விதத்தில் வந்த கோளாறு.

ஸ்லீவ் என்றால் மையவிலக்கு வார்ப்பில் வந்த காஸ்ட் அயர்ன் குழாய். ஸ்டீல் பைப்பைக் கடைந்து போடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். காஸ்ட் அயர்னில் உள்ள கிராஃபைட்தான் ரிங்குக்கு எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. வெளி விட்டம் 69.00 என்று கடைந்தால் முடிந்த சுவர் 1.5 மி.மீ. நிற்கும். பிளாக்கை 68.96க்கு போர் போட்டு, அடியில் 4 மி.மீ. படி விட வேண்டும். படி இல்லாமல் நேராக விட்டால் நாளடைவில் ஸ்லீவ் கீழே நழுவும், ஹெட் பேக்கிங் அந்த இடத்தில் ஊதிவிடும்.

இறுக்கம் 0.04. இதைப் பிரஸ்ஸில் வைத்து அமுக்கினால் மெல்லிய ஸ்லீவ் கோணும், பக்கத்துப் போரும் சேர்ந்து கோணும். சூடு, குளிர் இரண்டையும் வைத்து இறக்க வேண்டும். காஸ்ட் அயர்ன் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு சுமார் 0.011 மி.மீ. விரியும். பிளாக்கை 30இலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோனால் 69 மி.மீ. ஓட்டை 0.053 விரியும். ஸ்லீவை மைனஸ் 15க்கு இறக்கினால் 0.034 சுருங்கும். கூட்டினால் 0.087. இறுக்கத்தைக் கழித்தால் 0.047 இடைவெளி. கையாலேயே இறங்கிவிடும்.

காசிமேட்டு_விசை

மைனஸ் 15க்கு எங்கயும் அலைய வேணாம். காசிமேட்டுல மீனுக்குப் போடற ஐஸ் எப்பவும் கெடைக்கும். ஒடச்ச ஐஸ் மூணு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு, எடைக் கணக்குல கலந்து தெர்மாகோல் பெட்டியில போடுங்க. வெறும் ஐஸ் சைபருக்குக் கீழ போகாது, உப்பு சேந்தாத்தான் எறங்கும். ஸ்லீவ அப்படியே அதுல பொதைக்காதீங்க, உப்புத் தண்ணி பட்டா பத்து நிமிஷத்துல துரு. கெட்டியான பாலித்தீன் கவர்ல கொஞ்சம் மண்ணெண்ண ஊத்தி, அதுக்குள்ள ஸ்லீவ வெச்சு வாயக் கட்டிப் பொதைங்க. கவர்ல வெறும் காத்து இருந்தா குளிர் ஏறாது, மண்ணெண்ண இருந்தா ஏறும். முக்கால் மணி நேரம் போதும்.

வெளிய எடுத்ததும் நம்ம ஊரு ஈரக் காத்துக்கு ஸ்லீவ் மேல பனி பூக்கும். துணியால ஒரு தொடை, ஒடனே எறக்கணும். நேரா எறக்குங்க. சாஞ்சு பட்டுச்சுன்னா அந்த எடத்துலயே கவ்விக்கும், அதுக்கப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்.

பட்டறை_வியாசை

அருமை அண்ணே. ஸ்லீவ் மேலே 0.10 துருத்திக்கொண்டு நிற்கும்படி நீளம் வைத்து, பிளாக் ஆறிய பிறகு சர்ஃபேஸ் கிரைண்டிங்கில் சமன் செய்ய வேண்டும். 3ஆவது முடிந்த பிறகுதான் மற்ற மூன்றையும் போர் போடுங்கள். ஸ்லீவ் இறுக்கத்தில் 2ஆவதும் 4ஆவதும் கொஞ்சம் நகரும். நாலிலும் ஹோனிங்குக்கு (கல்லால் தேய்த்து முடிக்கும் வேலை) 0.06 மிச்சம் விட்டு, 220 கல்லில் ஆரம்பித்து 280இல் முடித்து, குறுக்குக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஹோனிங் முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவினால் போதாது. கல்லின் தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், சோப்புத் தூள், நைலான் பிரஷ் மூன்றும் வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் எஞ்சின் ஆயில் தொட்டுத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் மறுபடி கழுவுங்கள். கடைசித் துணி வெள்ளையாகவே வர வேண்டும். கடல் காற்றில் கழுவிய போர் நம் கண் முன்னாலேயே பழுப்பேறும். எனவே ஆயில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே கழுவ ஆரம்பியுங்கள்.

எர்ணாவூர்_ஜிப்ஸி

எழுதிக்கொண்டேன். ஹெட் அலுமினியம். தண்ணீர் போகும் இரண்டு ஓட்டைகளின் ஓரம் அரித்து, பேக்கிங்கில் போரைச் சுற்றி வரும் நெருப்பு வளையம் உட்காரும் இடத்துக்கு 2 மி.மீ. பக்கத்தில் வந்துவிட்டது. பிளாக்கோடு சேர்த்து ஹெட்டையும் காஸ்டிக் சோடா தொட்டியில் போட்டுக் கொதிக்கவிடலாமா?

மாதவரம்_வால்வு

கூடவே கூடாது! காஸ்டிக் சோடா இரும்புக்கு நல்லது, அலுமினியத்தைக் கரைத்துவிடும். ஹெட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் கேம் உட்காரும் இடம் வரை அளவு போய்விட்டிருக்கும். மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், அப்புறம் சோப்புத் தண்ணீர் போதும்.

அரிப்புக்கு ஆர்கான் வெல்டிங் செய்யலாம். கறுப்பாகத் தெரியும் உலோகம் முழுவதையும் பர் (சுழலும் சிறு அரம்) போட்டுத் தோண்டி, பளபளக்கும் அலுமினியம் வரை போங்கள். உள்ளே உப்பு மிச்சமிருந்தால் வெல்டு நுரைத்துக்கொண்டு ஓட்டை ஓட்டையாக வரும். ஹெட் முழுவதையும் 150 டிகிரிக்குச் சீராகச் சூடேற்றி, 4043 அலுமினிய வெல்டிங் கம்பி போட்டு நிரப்பி, மணல் பெட்டியில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். வால்வுகளைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டு. ஆறிய பிறகு ஒவ்வொரு வால்வு சீட்டையும் தட்டிப் பாருங்கள், சூட்டில் தளர்ந்திருந்தால் சத்தம் செத்து வரும். கேம் ஷாஃப்ட்டைப் போட்டு விரலால் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் ஹெட் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தாமல் கீழ்ப் பரப்பை மட்டும் கிரைண்டிங் செய்தால் அடி சமமாகும், கேம் வரிசை கோணலாகவே நிற்கும்.

பரப்பு சமமா என்பதற்கு நேர்க்கோல் வைத்து 0.05 ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். கொஞ்சமே நுழைந்தால் 10 மி.மீ. கண்ணாடிப் பலகையில் 220 வாட்டர் பேப்பர் ஒட்டி, ஹெட்டை எட்டு போட்டுத் தேய்க்கலாம். அதிகமென்றால் மெஷினுக்குப் போங்கள்.

வால்வு கைடு தாராளமாகக் கடையலாம். பாஸ்பர் பிரான்ஸ் கம்பி வாங்குங்கள், பித்தளை வேண்டாம், சூட்டில் தேய்ந்துவிடும். ஹெட்டின் ஓட்டையை அளந்து அதைவிட 0.04 கூடுதலாகக் கடைந்து, ஹெட்டை 100 டிகிரிக்குச் சூடேற்றி இறக்குங்கள். உள் ஓட்டையை முன்கூட்டியே முடிக்காதீர்கள், இறங்கியதும் சுருங்கும். இறக்கிய பிறகு ரீமர் போட்டு, இன்லெட்டுக்கு 0.03, எக்ஸாஸ்டுக்கு 0.05 இடைவெளி வையுங்கள். கைடு மாற்றினால் மையம் மாறியிருக்கும், சீட்டை 45 டிகிரியில் மறுபடி வெட்டியே ஆக வேண்டும். படியும் அகலம் 1.3 முதல் 1.5. கார்பரண்டம் பேஸ்ட் போட்டுத் தேய்த்து அகலமான சாம்பல் பட்டையாக ஆக்கிவிட்டு 'நல்லா பிடிக்குது' என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. அகலம் கூடினால் அழுத்தம் குறையும், கரி தங்கும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும். முடிந்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிஷம் வையுங்கள், கசியக்கூடாது.

காசிமேட்டு_விசை

கிராங்குக்கு ஒரு வழி சொல்றேன். ஜர்னல் (கிராங்க்ல பேரிங்குக்குள்ள சுத்தற எடம்) கொஞ்சம் தேஞ்சிருந்தா பேரிங் ஷெல்லுக்குப் பின்னால மெல்லிசு செம்புத் தகடு வெச்சு, படியற எடம் தெரிய நீலம் தடவி, ஸ்கிரேப்பர் போட்டு உட்கார வெச்சா இறுக்கமா வந்துடும். பழைய போட் எஞ்சின்ல எல்லாம் அப்படித்தான்.

செம்பியம்_66

அண்ணே, போட் எஞ்சினில் நீங்கள் செய்வது சரி. அது வெள்ளை உலோகம் கனமாக ஊற்றிய பேரிங், சுரண்டினால் அடியிலும் அதே உலோகம். இந்த எஞ்சினில் இருப்பது மெல்லிய ஷெல். அதன் மேல்பூச்சே 0.02 மி.மீ. அளவுதான், ஸ்கிரேப்பர் ஒரு தடவை பட்டால் போய்விடும். ஷெல்லுக்குப் பின்னால் தகடு வைத்தால் ஷெல், அது உட்காரும் பள்ளத்தோடு முழுசாகப் படியாது. சூடு வெளியேற வழியில்லை, ஷெல் சுழன்று ஆயில் ஓட்டையை மூடிவிடும். கேப்பை (பேரிங்கின் மூடி) அரம் போட்டுத் தேய்ப்பதும் இதே கதைதான், ஓட்டை வட்டமாக இருக்காது. ஜர்னலில் துருப் பள்ளம் நகத்தில் தட்டினால் 0.25 அண்டர்சைஸ் (மூல அளவை விடச் சிறிது) கிரைண்டிங், அதற்குரிய ஷெல். ஓரத்து வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள், கூர் மூலையாக வெட்டினால் அங்கிருந்துதான் கிராங்க் உடையும். வெல்டு போட்டு நிரப்பி மறுபடி கடைவதும் அதே காரணத்தால் வேண்டாம்.

கிரைண்டிங் முடிந்ததும் கிராங்கின் ஆயில் வழிகளைக் கம்பி பிரஷ் விட்டுக் கழுவுங்கள். வெள்ளத்து எண்ணெய் காய்ந்து தார் மாதிரி உள்ளே நிற்கும். ஆயில் பம்ப் சல்லடையையும் பாருங்கள். பம்ப் கவரில் வளையக் கோடு இருந்தால் கண்ணாடியில் 400 பேப்பர் வைத்துத் தேய்த்துவிடலாம். நேர்க்கோல் வைத்து அளந்தால் ரோட்டருக்கு மேல் இடைவெளி 0.15ஐத் தாண்டக்கூடாது.

காசிமேட்டு_விசை

மேல்பூச்சு அவ்வளவு மெல்லிசுன்னா நீங்க சொல்றதுதான் சரி. தம்பி, தகடு வேணாம், கிரைண்டிங்கே போங்க.

பட்டறை_வியாசை

மிச்சத்தைச் சுருக்கமாக.

கோர் பிளக்: 1.2 மி.மீ. பித்தளைத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று ஆகும். லேத்தில் ஆண் பெண் டை கடைந்து அமுக்கிக் கிண்ணமாக எடுங்கள். ஓட்டையை விட 0.15 பெரிது, ஓரத்தில் சீலண்ட். மீஞ்சூர் வரை கடல்நீர் ஏறிய நிலத்தடி நீர் இது, இரும்பு பிளக் நிற்காது. ரேடியேட்டருக்கும் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்டில்டு தண்ணீரோடு கூலண்ட்.

வாட்டர் பம்ப் ஷாஃப்ட்டைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒரே துண்டு. மேல் வளையத்தில் எண் பொறித்திருக்கும், பிராட்வே பேரிங் கடைகளில் அதைக் காட்டிக் கேளுங்கள்.

எஞ்சின் மவுண்ட்: கன்வேயர் பெல்ட் துண்டு அடுக்கி வைக்கலாம். உள்ளே துணி அடுக்கு இருப்பதால் ஐடிலில் அதிர்வு கூடும். முக்கியமானது, போல்ட் மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் நேராகச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் ரப்பர் வைத்தும் வைக்காததும் ஒன்று.

சம்ப், வாட்டர் பம்ப், இன்லெட் பேக்கிங் எல்லாம் தாளில் வெட்டலாம். ஹெட் பேக்கிங், ரிங், ராடு போல்ட், டைமிங் பெல்ட் நாலும் புதிது, பெட்டியோடு. ரிங்கை அதன் போருக்குள் தலைகீழ்ப் பிஸ்டனால் தள்ளி, வாய் இடைவெளி 0.20 முதல் 0.30 இருக்கிறதா பாருங்கள். குறைந்தால் அரத்தை ஒரே பக்கமாக, வெளியிலிருந்து உள்ளே இழுங்கள்.

மாதவரம்_வால்வு

கார்புரேட்டரை மறந்துவிடாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் ஊதும். ஹோஸை விட்டான் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்) வகைக்கு மாற்றுங்கள். கலவையும் மெலிந்து ஓடும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5தான். மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) 100 என்றால் 104 அளவுக்கு ஒரு படி பெரிதாகப் போடுங்கள். மெலிந்த கலவையில் புது பிஸ்டனை ஓட்டினால் சூட்டில் பிடிக்கும்.

எர்ணாவூர்_ஜிப்ஸி

கடைசியாக ஒன்று. டார்க் ஸ்பேனர் பழையது, காட்டுவது சரிதானா என்று தெரியவில்லை. முதல் ஸ்டார்ட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

செம்பியம்_66

ஸ்பேனரை வீட்டிலேயே சோதிக்கலாம். சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி தரைக்கு இணையாக இருக்கட்டும். சதுரத்தின் மையத்திலிருந்து 25 செ.மீ. அளந்து அந்த இடத்தில் கயிறு கட்டி, 20 லிட்டர் வாட்டர் கேனைத் தொங்கவிடுங்கள். கேனின் எடைக்கு ஈடாகத் தண்ணீரைக் குறைத்து, தராசில் மொத்தம் 20 கிலோ வரும்படி வையுங்கள். 20 பெருக்கல் 0.25, ஐந்து கிலோகிராம்-மீட்டர் டார்க். ஸ்பேனரை 5இல் வைத்தால் அங்கே 'டக்' என்று விட வேண்டும். 5.5 வரை ஏற்றி வைத்தாலும் விடுகிறது என்றால் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது, ஹெட் போல்ட்டுகளை அதற்கேற்ப ஏற்றி வைத்து முடுக்குங்கள். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்று.

ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் செல்ஃப் அடியுங்கள். பத்து பத்து செகண்ட், நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி, ஆயில் விளக்கு அணையும் வரை. 20டபிள்யூ-40 மினரல் ஆயில்தான், சிந்தெடிக் இப்போது வேண்டாம். பற்றிய பிறகு ஐடிலில் விடாமல் 1500 முதல் 2000 சுற்றில் 20 நிமிஷம். முதல் ஆயில் 100 கிலோமீட்டரில் வெளியே வரட்டும். வடியும்போது ஒரு காந்தத்தை அதில் விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் ரிங் உட்காரும் தூள், பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் செதில் வந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் சம்பைக் கழற்றுங்கள்.